சின்னானின் பேரன்

தம்பி,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். நீ தமிழை மெதுவாக வாசிப்பாய் என்று தெரியும், மெதுவாகவே வாசி. தொலைபேசியில் சொன்னால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றபடி வேறு வேலை பார்ப்பாய், பிறகு டேனிஷில் ஒரு வசனம் சொல்லிக் கதையை முடித்துவிடுவாய். டேனிஷில் நீ சொல்லும் வசனங்களுக்கு என்னிடம் பதில் இருப்பதில்லை. அதனால்தான் கடிதம். ஆரணியும் இதை வாசிக்கலாம். அவளுடைய தகப்பனும் வாசிக்கலாம். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை, ஒளித்து ஒளித்துத்தான் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

உன் கல்யாண அழைப்பிதழின் மாதிரி போன கிழமை வந்தது. நல்ல தடித்த தாள், பொன் நிற எழுத்து. பெண் வீட்டுப் பக்கத்தில் ஊரின் பெயர் இருக்கிறது, அமரராகிவிட்ட அரிசி மில் முதலாளி இருக்கிறார், அவருக்கும் முந்தின ஒரு உடையார் இருக்கிறார், அவர்களுடைய பேத்தியும் பூட்டப்பிள்ளையுமாக ஆரணி இருக்கிறாள். நம்முடைய பக்கத்தில் "டென்மார்க், ஹேர்னிங்கைச் சேர்ந்த திரு திருமதி ராசன் தம்பதிகளின் ஏக புதல்வன்" என்று மட்டும் இருக்கிறது. ஊர் இல்லை. பேரன் என்ற சொல்லே இல்லை. உன் அப்பா ஹேர்னிங் உருளைக்கிழங்கு வயலில் முளைத்தவர் போல. அதைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்றேன். உன் அப்பா வந்து எட்டிப் பார்த்து, எழுத்து வடிவாயிருக்குது என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் தாத்தாவின் பெயர் சின்னான். அது உனக்குத் தெரியும், ஏனென்றால் இந்த நாட்டில் தகப்பன் பெயரைத்தான் நமக்குக் குடும்பப் பெயர் ஆக்கினார்கள். உன் அப்பாவை வரி அலுவலகத்திலும் வங்கியிலும் "ஹெர் சின்னான்" என்று கூப்பிடும்போது அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார், கவனித்திருக்கிறாயா? சின்னான் என்ற பெயருக்கு முன்னால் மரியாதைச் சொல் வைத்தவர்கள் உலகத்திலேயே டேனிஷ்காரர்தான். ஊரில் சின்னானைச் சின்னப் பிள்ளைகளும் "டேய் சின்னான்" என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரணியுடைய தாத்தாவின் மில்லில் அவர் மூட்டை சுமந்தார். பின்பக்கப் படலையால் போய், பின்பக்கப் படலையால் வருவார். அவருக்குத் தேத்தண்ணி தனித் தகரப் பேணியில். குடியிருந்ததும் மில்காரருடைய காணியின் மூலையில் ஒரு கொட்டிலில், ஆகையால் நமக்கென்று ஒரு காணி உறுதி, ஒரு துண்டு நிலம் எங்கும் இருந்ததில்லை. இதையெல்லாம் நான் கல்யாணமாகி அந்தக் கொட்டிலுக்குள் போனபோது கண்ணால் பார்த்தேன். கதையாகக் கேட்டதல்ல.

உன் அப்பா இங்கே வந்து என்ன செய்தார் என்பதும் உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் குளிரில் நின்றார். பிறகு ஹேர்னிங்கில் துணித் தொழிற்சாலை. அதை மூடி இயந்திரங்களைப் போலந்துக்கு ஏற்றியபோது, கூட வேலை செய்தவர்கள் கொமூன் அலுவலகத்துக்குப் போய் உதவிப் பணத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவர் ஒரு பழைய வான் வாங்கினார். முருங்கைக்காயும் உறைந்த மீனும் ஏற்றிக்கொண்டு யூலாண்ட் முழுக்கத் தமிழ் வீடுகளின் கதவைத் தட்டினார். பனி விழுந்த நாட்களில் நீயும் பின் சீட்டில் போர்வைக்குள் இருந்திருக்கிறாய். வான் இரண்டு வானாகி, லொறியாகி, கிடங்காகி, கடைசியில் நாம் இப்போது இருக்கும் செங்கல் வீடாகியது. யாரிடமும் ஏமாற்றி வாங்கியதில்லை. யாரும் எழுதி வைத்துவிட்டுப் போனதும் இல்லை.

நீ கிம்னாசியத்தில் உயர்தரம் படித்தபோது ஆங்கிலப் பாடத்துக்கு ஒரு பழைய அமெரிக்க நாவல் கொடுத்திருந்தார்கள். நான் சுண்டல் தாளித்துக்கொண்டு நின்றேன், நீ மேசையில் இருந்து அந்தக் கதையை எனக்குச் சொன்னாய். பரம்பரையாக வந்த பணம் என்று ஒன்று, தானாகத் தேடின பணம் என்று ஒன்று, இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றல்ல என்பதுதான் புத்தகத்தின் விஷயம் என்றாய். பழைய பணக்காரருக்குப் புதுப் பணக்காரர் வீட்டுச் சாப்பாடு பிடிக்கும், அவரைப் பிடிக்காது என்றாய். நான் சிரித்தேன். இதற்கு அமெரிக்கா வரைக்கும் போக வேணுமா என்று கேட்டேன். நீ விளங்காமல் பார்த்தாய். பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் பேணிக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதினவருக்கும் தெரியாத ஒன்று நம்முடைய ஆட்களிடம் இருக்கிறது. நம்மிடையே பரம்பரைப் பணக்காரனாய் இருப்பதற்குப் பணமே தேவையில்லை.

உன் மாமனாரைப் பார். தில்லையம்பலம் அண்ணை இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஓகூஸ் துறைமுகக் கிடங்கில் வேலை செய்கிறார், வாடகை வீட்டில் இருக்கிறார். அதில் ஒரு குறையும் இல்லை, உழைத்துச் சாப்பிடுகிறார். ஆனால் ஏன் ஒரு வீடு வாங்கவில்லை என்று யாராவது கேட்டால், "எங்களுக்கு ஊரில எல்லாம் இருக்குது" என்பார். அந்த ஊர் ஆமிக்காரரின் முட்கம்பிக்குப் பின்னால் போய் எத்தனையோ காலம். மில் இல்லை, மேல்வீடு இல்லை, புகையிலைத் தோட்டம் பற்றைக்காடு. அந்தக் காணியில் அவரால் கால் வைக்க முடியாது. ஆனாலும் அவர் காணிக்காரர். நம்முடைய லொறிகள் கண்ணுக்கு முன்னால் ஓடுகின்றன, நாம் ஒன்றும் இல்லாதவர்கள்.

இந்த வருடம் தொடங்கியபோது இதெல்லாம் போய்விட்டது என்று நான் நம்பினேன். வன்னியில் எல்லாரும் கடற்கரையை நோக்கிக் குவிந்துகொண்டிருந்தார்கள். உன் அப்பாவின் அக்கா, உன் பரமேஸ் மாமி, அதற்குள் இருந்தா. தில்லையம்பலம் அண்ணையின் தம்பி சிவகுரு மாஸ்டரும் பெண்சாதி பிள்ளைகளோடு அதற்குள் இருந்தார். கோப்பன்ஹேகனுக்கு ஊர்வலம் போக உன் அப்பா பஸ் பிடித்தார், போகும் வழியில் ஓகூஸ் ஆட்களையும் ஏற்றினோம். நான் கட்டிக்கொண்டுபோன சோற்றுப் பார்சலைத் தில்லையம்பலம் அண்ணை உன் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். நீயும் ஆரணியும் பின்னால் பதாகையைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். உங்கள் இரண்டு பேருக்குள் விருப்பம் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. திரும்பி வரும்போது அவர் உன் அப்பாவின் தோளில் தலை சாய்த்து நித்திரையாகிவிட்டார். உன் அப்பா பாலம் தாண்டும் வரைக்கும் தோளை அசைக்கவில்லை. இனி என்ன, எல்லாருக்கும் ஒரே சாவு, ஒரே கண்ணீர் என்று நினைத்தேன். சண்டை முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்ன நாளில் அவர் நம்முடைய வீட்டுக்கு வந்து, உன் அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதார். உங்கள் கல்யாணத்துக்கு ஓம் சொன்னதும் அந்தக் கிழமைதான்.

பிறகு முகாமிலிருந்து சிவகுரு மாஸ்டர் தொலைபேசி எடுத்தார். நீ கோப்பன்ஹேகனில் இருந்தாய், உனக்கு நான் மாமி செல் குண்டு பட்டுப் போய்விட்டா என்று மட்டும் சொன்னேன். முழுவதையும் இப்போது சொல்கிறேன். அந்தக் கரையில் பரமேஸ் மாமி தன்னுடைய சேலைகளில் மண் நிரப்பி ஒரு பதுங்குகுழி கட்டியிருந்தா. மாஸ்டர் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. அவர் பள்ளிக்கூட வாத்தியார், மண்வெட்டி பிடித்துப் பழகாதவர். செல் விழத் தொடங்கியபோது மாமி அவர்களைக் கூப்பிட்டு உள்ளே விட்டா. எல்லாருக்கும் இடம் காணாது. மாஸ்டரின் பிள்ளைகளை உள்ளுக்குத் தள்ளிவிட்டு அவ வாசலில் இருந்தா. "எங்களை உள்ள விட்டிட்டு அவ வெளியில இருந்தவ. அக்கா எண்டு நான் அண்டைக்குத்தான் முதல் கூப்பிட்டனான்" என்று மாஸ்டர் என்னிடம் சொன்னார். அந்த மணலிலேயே அவவை அவர் கையால் குழி கிண்டித் தாட்டிருக்கிறார். சொல்லி முடித்துவிட்டு, இதை அண்ணைக்கும் சொல்லிவிட்டேன் என்றார். ஆகையால் உன் மாமனாருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆவணியில் தில்லையம்பலம் அண்ணை ஓகூஸில் ஒரு மண்டபத்தில் செத்தவர்களுக்காகப் பிரார்த்தனை வைத்தார். சாப்பாடு நம்முடைய கிடங்கிலிருந்து போனது. அவர் எழுந்து பேசினார். தம்பி குடும்பம் தப்பியது கடவுள் செயல், முன்னோர் செய்த புண்ணியம் என்றார். அயலில் இருந்த ஒரு மனுசி இடம் கொடுத்து உதவினதாகவும் சொன்னார். ஒரு மனுசி. நான் உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். முன் வரிசையில் இருந்தார். தன்னுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அழைப்பிதழைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. உன் அப்பாவுக்குச் சொல்லாமல் கார் எடுத்துக்கொண்டு ஓகூஸுக்குப் போனேன். தில்லையம்பலம் அண்ணை மரியாதையாக வரவேற்றார், அவரிடம் மரியாதைக்கு எப்போதும் குறைவில்லை. ஏன் ஊரும் தாத்தாவும் இல்லை என்று கேட்டேன்.

"தங்கச்சி, எங்கட பக்கத்தில வயசானவை இருக்கினம். லண்டனில இருந்தும் கனடாவில இருந்தும் வருகினம். அந்தப் பெயரைப் பார்த்தா ஆரெண்டு தெரிஞ்சு போகும். எனக்கு ஒண்டுமில்லை. ஒரு வரிதானே."

ஊரையாவது போடலாமே என்றேன். "ஊர் இப்ப எங்க இருக்குது?" என்றார்.

அதே வாயால், நான் எழும்பும்போது, ஆமிக்காரர் காணிகளை விடப்போறாங்களாம் என்று கேள்விப்பட்டதாகவும், விட்டால் மருமகனையும் மகளையும் கூட்டிக்கொண்டுபோய் எல்லை காட்ட வேணும் என்றும் சொன்னார். ஒரே மண், தம்பி. அவருக்கு எல்லை காட்டக்கூடிய காணியாக அது இன்னும் இருக்கிறது. நமக்கு அந்த ஊரே இல்லை. கதவடியில் வைத்து, கொஞ்சம் தயங்கி, "நான் மட்டும் எடுத்த முடிவில்லை, தங்கச்சி" என்றார். அதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. உன் அப்பாவைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவோடு சண்டை பிடித்தேன். இவ்வளவு உழைத்தும் ஏன் பயப்படுகிறீர்கள், மண்டபத்துக்குக் காசு நீங்கள், சாப்பாட்டுக்கு நீங்கள், பொன்னெழுத்துக்கும் நீங்கள், பிறகு உங்களுடைய தகப்பன் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டேன். கைகளை மேசையில் வைத்திருந்தார், இறைச்சித் தொழிற்சாலையில் வெட்டுப்பட்ட விரல் அப்போதும் நேராக நிற்கவில்லை.

"அப்பு அந்த வீட்டில ஒருநாளும் இருந்ததில்லை. நிண்டவர், இல்லாட்டி குந்தினவர். அவையளின்ர வீட்டில ஒரு கதிரையில இருக்க வேணுமெண்டு எனக்குச் சின்னனில இருந்து ஆசை. இப்ப இருக்கிறன். பெயரைக் கேட்டா எழும்பச் சொல்லுவினம்."

முப்பது வருடமாய் இந்த மனுசனோடு வாழ்கிறேன். இவர் வானை ஓட்டினது, லொறி வாங்கினது, செங்கல் வீடு கட்டினது எல்லாம் ஒரு கதிரைக்காக என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதுவும் ஓகூஸில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிற கதிரை.

இதற்குப் பிறகுதான் ஆரணி வந்தாள். சனிக்கிழமை, ரயிலில், உனக்குச் சொல்லாமல். தகப்பன் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நல்ல பிள்ளை, பொய் தெரியாத பிள்ளை. அழைப்பிதழைப் பற்றி நான் கேட்டதும் அவளுக்கு ஆச்சரியம்.

"அன்ரி, அது நீங்கள் விரும்பேல்லை எண்டுதானே அவர் சொன்னவர். தாத்தான்ர பெயர் வேண்டாமெண்டு அவர்தான் அப்பாக்கு முதலே சொன்னவர்."

அவர் என்றால் நீ. நான் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அவள் பயந்துபோனாள், பிழையாக ஏதும் சொல்லிவிட்டேனா என்று டேனிஷில் கேட்டாள். இல்லைப் பிள்ளை, நீ ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லை என்றேன். அவளை ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். பிறகு உனக்கு எடுத்தேன், நினைவிருக்கும். நீ மறுக்கவில்லை. அது வெறும் ஒரு அழைப்புக் காட் என்று டேனிஷில் சொன்னாய்.

நான் தில்லையம்பலம் அண்ணையில் கோபப்பட்டுக் கார் ஓட்டிக்கொண்டு போனேன், தம்பி. அவர் கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் வாய் திறக்க முதலே நீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாய். அந்த மனுசனுக்கும் உள்ளுக்குள் கூச்சம் இருந்திருக்கிறது, கதவடியில் வைத்துத் தயங்கினாரே. உனக்கு அந்தக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. நீ டென்மார்க்கில் பிறந்தவன். உன்னை ஒருவரும் பின்பக்கத்தால் வரச் சொல்லவில்லை. உனக்கு ஒருவரும் பேணியில் தேத்தண்ணி தரவில்லை. உன் அப்பா பயப்படுவதற்கு அவர் கண்ட காரணங்கள் இருக்கின்றன. நீ எதைக் கண்டாய்? ஒரு புத்தகத்தைப் படித்தாய், அதில் புதுப் பணக்காரன் எப்படி அவமானப்படுகிறான் என்று பார்த்தாய், அப்படி ஒரு நிலை எனக்கு வரக்கூடாது, நான் மற்றப் பக்கத்துக்குப் போய்விட வேணும் என்று முடிவெடுத்தாய். அந்த நாவலுக்கு ஆசிரியர் உனக்கு நல்ல புள்ளி போட்டார். நான் போடமாட்டேன்.

நாங்கள் தாத்தாவைப் பற்றி உன்னிடம் கதைக்காமல் வளர்த்ததால் வந்த வினை இது என்று உன் அப்பா சொல்கிறார். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பெயரை மறைக்க நாங்கள் உனக்குச் சொல்லித் தரவில்லை. இந்த நாட்டில் ஒவ்வொரு காகிதத்திலும் அந்தப் பெயரை எழுதித்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாய், பட்டம் எடுத்தாய், சம்பளம் எடுக்கிறாய். வேலை இடத்தில் அது உனக்கு இடைஞ்சலாய் இல்லை. தமிழில் எழுதும்போது மட்டும் ஏன் கை கூசுகிறது?

கல்யாணம் செய்கிறவனுக்குத் தாய் சொல்ல வேண்டியது என்று சில விஷயங்கள் இருக்கின்றன. ஆரணியை நன்றாகப் பார்த்துக்கொள், கோபம் வந்தால் வெளியே போய் நடந்துவிட்டு வா, சமைக்கப் பழகு. இதையெல்லாம் நான் சொல்லாமலே செய்வாய், நீ கெட்டவன் இல்லை. அதற்கு மேல் சொல்வதானால் இதுதான்: அந்த வீட்டார் உன்னை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதே. உன்னில் பாதியை ஏற்றுக்கொண்டார்கள், உன் அப்பா உழைத்துத் தேடின பாதியை. மற்றப் பாதியை வெளியே விட்டுவிட்டு வா என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறார்கள், நீயும் விட்டுவிட்டு உள்ளே போய் இருந்துவிட்டாய். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறக்கும். அதற்கு ஒரு பக்கத்தில் உடையாரும் மில் முதலாளியும் இருப்பார்கள், மறுபக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அந்தப் பக்கத்தில்தான் பரமேஸ் மாமி இருந்தா. அவவும் இல்லாமல் போவா. அவ இடம் கொடுத்ததால் உயிரோடு இருக்கிற மாஸ்டரின் பிள்ளைகள் உன் பிள்ளைக்குச் சொந்தமாய் இருப்பார்கள், இடம் கொடுத்தவ ஒரு மனுசியாய் இருப்பா.

நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று நீ பயப்பட வேண்டாம். அப்படி யோசித்தேன், இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, நான் வராவிட்டால் எல்லாருக்கும் சுகமாய்ப் போய்விடும் என்று தெரிந்தது. வருவேன். பட்டுச் சேலை கட்டி, முன்னுக்கு நிற்பேன். அழைப்பிதழையும் மாற்றச் சொல்லிக் கேட்கப்போவதில்லை. அது உங்களுடைய காட், உங்களுடைய பொன்னெழுத்து.

ஆனால் நேற்றுக் கோயிலுக்குப் போய் ஐயரைக் கண்டேன். கன்னிகாதானத்தின்போது மாப்பிள்ளையின் பூட்டன், தாத்தா, தகப்பன் பெயர்களைச் சொல்லித்தான் பெண்ணைக் கொடுக்க வேணும், அது உனக்குத் தெரிந்திருக்காது. கோத்திரத்தை மட்டும் சொன்னால் போதும் என்று பெண் வீட்டார் கேட்டுக்கொண்டார்களாம். பிள்ளையின் தாய் வேறு மாதிரிச் சொல்கிறேன் என்றேன். அவர் நல்ல மனுசன், ஒன்றும் கேட்கவில்லை. வேலனின் பூட்டப்பிள்ளை, சின்னானின் பேரன், ராசனின் மகன் என்று நான் சொல்லச் சொல்ல அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மண்டபத்தில் ஒலிவாங்கியில் மூன்று தரம் சொல்வார். அந்த நேரத்தில் உன் மாமனாரின் முகத்தை நான் பார்க்கப்போவதில்லை, லண்டனில் இருந்து வந்த வயசாளிகளின் முகத்தையும் பார்க்கப்போவதில்லை. உன்னுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அம்மா